முந்நூற்றுப் பதினொன்றுக்கு ஒன்று

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு!" என்று கூட்டம் கத்தியது. "நூத்தித் தொண்ணூத்தாறு!"

அடுத்த எண் வரவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த தேர்தல் அதிகாரி ஒரு சின்னப் பெண். கல்லூரி முடித்துவிட்டு, அரசாங்க சேவை வருஷத்துக்காக வடக்கே எங்கிருந்தோ வந்தவள். ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, தலைக்கு மேலே தூக்கி, நாலு பக்கமும் காட்ட வேண்டும்; தூறலில் நிற்கும் ஜனங்கள் கூடவே சத்தமாக எண்ண வேண்டும். இதுவரை தூக்கியதெல்லாம் மண்வெட்டிச் சின்னம். மண்வெட்டி என்றால் கவர்னர். இந்தச் சீட்டைத் தூக்கியவள், தானே ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏணி."

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது வரிசையில், மரவள்ளி மாவை வறுத்துக் காரி செய்யும் பெண்களோடு நின்ற இசிமே அந்தச் சீட்டைப் பார்த்தாள். ஏணிக்குப் பக்கத்துக் கட்டத்தில் நீல மையில் ஒரு பெருவிரல் அச்சு. ரேகையே இல்லை, கூழாங்கல் மாதிரி வழவழப்பு. நடுவில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு, கத்தி வெட்டின தழும்பு. தன் விரல் ஆகாயத்தில் தொங்குவதை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள்.

கவுன்சிலர் இட்டுவா முன்னால் ஓடிவந்து கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்தார். ஏணிக் கட்சியின் ஏஜெண்டை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, "நானா? எங்க அம்மா மேல சத்தியமா நான் மண்வெட்டிக்குத்தாங்க குத்தினேன்!" என்றான். மை ஒட்டிய கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். விரலில் ரேகையெல்லாம் ஒழுங்காக இருந்தது.

எண்ணிக்கை தொடர்ந்தது. இருநூறு. இருநூற்றைம்பது. இன்னும் ஒன்று வரும், இன்னும் ஒன்று வரும் என்று இசிமே காத்திருந்தாள். பத்துப் பேராவது இருப்பார்கள் என்றுதான் நம்பியிருந்தாள். ரோடு அகலப்படுத்தக் கடையை இடித்தபோது மண்ணை வாரித் தூற்றிய தையல்காரன் ஒரு ஓட்டு. காரி வறுக்கும் கொட்டகையில் உட்கார்ந்து கவர்னரை வாய்க்கு வந்தபடி பேசிய எஸ்தர் ஒரு ஓட்டு. தன் புருஷன் எஹிமென் ஒரு ஓட்டு. மனசுக்குள் ஆட்களாகச் சேர்த்துவைத்திருந்தாள்.

"முந்நூத்திப் பதினொண்ணு!"

பெட்டி காலி.

மண்வெட்டிக் கட்சி ஏஜெண்டாக மேஜைக்குப் பக்கத்தில் நின்ற எஹிமென், முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். கூட்டத்தில் மனைவியைத் தேடினான். அவன் பார்த்த பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது: கண்டுபிடித்துவிட்டான்.

கவர்னர் நல்லவர் என்பதில் இடுமெபோ ஊரில் இரண்டு பேச்சே கிடையாது. வாத்தியார்களுக்கு மாதம் பிறக்குமுன் சம்பளம் வந்தது. ஆற்றங்கரை வரைக்கும் தார் ரோடு வந்தது. போகிற வழியில் வண்டியை நிறுத்தி, சுட்ட சோளத்தை நின்றபடியே கடித்துத் தின்பார். கிழவிகளோடு ஆடுவார், அதுவும் தாளம் தப்பாமல். எதிர்த்து நின்ற ஆளின் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்படியும் தேர்தலுக்கு மூன்று வாரம் முன்னால் இட்டுவா வீடு வீடாக வந்து ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். எரிந்துபோன டிரான்ஸ்பார்மர் மூன்று வருஷமாகக் கம்பத்தில் கருவாடு மாதிரித் தொங்குகிறதே. எந்தச் சாவடி ஒன்றுகூடச் சிந்தாமல் முழுசாகக் கவர்னருக்குப் போடுகிறதோ, அந்தத் தெருவுக்குப் புதுசு.

ஒன்றே ஒன்று சிந்திவிட்டது.

அது இசிமேயுடையதாக இருக்கும் என்று ஊரில் ஒருவனும் கனவில்கூட நினைக்கமாட்டான். ஏனென்றால் ஊர்ச் சுவரெல்லாம் அவள்தான் இருந்தாள். பள்ளிக்கூட மதில், கிளினிக் வாசல், மாவு மில் கதவு, எங்கே திரும்பினாலும் அந்தப் போஸ்டர். கவர்னர் ஒரு பெண்ணை அணைத்துக்கொண்டு நிற்கிறார். அவள் அழுகிறாள். அவர் கண்ணிலும் நீர். அவள் காதருகே குனிந்து என்னவோ சொல்கிறார். கீழே பெரிய எழுத்தில்: உங்கள் கண்ணீர் என் கண்ணீர்.

இரண்டு வருஷம் முன்னால், அந்தப் புதுத் தார் ரோட்டில், கவர்னர் வண்டி வரிசையின் கடைசி ஜீப் இசிமேயின் மகள் எபோசேயை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. பன்னிரண்டு வயசு. தலையில் காரிக் கூடையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜீப் நிற்கவில்லை. எட்டாம் நாள் கவர்னரே வீடு தேடி வந்தார். ஒரு மாடு, பத்து மூட்டை அரிசி, ஏழு கேமரா. 'இப்படி ஒரு கவர்னர் எந்த ஊருக்குக் கிடைக்கும்!' என்று ஜனங்கள் உருகினார்கள். போலீஸ் ஸ்டேஷன் காகிதத்தில் மட்டும் இன்னும் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்றே இருக்கிறது.

மேஜையைத் தூக்குவதற்குள் இட்டுவா எஹிமெனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். இசிமே நாலடி தூரத்தில்தான் நின்றாள்.

"பாருய்யா, நல்லாப் பாரு." கைப்பேசியில் படத்தைப் பெரிசாக்கினார். "ரேகை இல்ல. தேய்ஞ்ச கை. மரவள்ளி சீவுற கைய்யா இது! உங்க வீட்டம்மா கொட்டகையில பதினோரு பொம்பளைங்க. இந்த மாதிரி வெட்டு யார் விரல்ல இருக்கு? நீ அங்க போக வர இருக்கிறவன்தானே?"

எஹிமென் படத்தைப் பார்த்தான்.

"அவாவு கையில ஒரு வெட்டு உண்டு" என்றான்.

சாயங்காலம் தகரக் கூரையில் மழை கொட்டியது. இசிமே காரியை வெந்நீரில் கிளறிக் களியாக உருட்டி, தர்பூசணி விதை அரைத்த குழம்போடு அவன் முன்னால் வைத்தாள். எஹிமென் கழுத்தில் ஏஜெண்ட் அட்டை இன்னும் தொங்கியது. களியைத் தொடவில்லை.

"சாப்பிடுங்க. ஆறிடும்."

"பதினாலு வருஷமா அந்த விரலுக்கு நான்தான்டி துணி சுத்திவிடுறேன்" என்றான். "கத்தி எந்தச் சாய்வுல இறங்கிச்சுன்னு எனக்குத் தெரியாதா? என்ன காரியம்டி பண்ணி வெச்சிருக்க!"

"ஓட்டுப் போட்டேன்."

"ஒரே ஒரு ஆளு! ஊர்ல ஒரே ஒரு ஆளு!"

"ஒரே ஆளா இருப்பேன்னு எனக்கு என்ன தெரியும்?" என்றாள். "நீங்களாவது கூட இருப்பீங்கன்னு நினைச்சேன்."

அவன் குழம்புக் கிண்ணத்தைப் பார்த்தான். "நான் மண்வெட்டிக்குத்தான் குத்தினேன்."

"ஏஜெண்ட் வேலைக்காகச் சுத்தறீங்க, உள்ள திரைக்குப் பின்னாடி போனா..."

"திரைக்குப் பின்னாடியும் அவருக்குத்தான் குத்தினேன், இசிமே. அந்தாளு நம்ம வீட்டுக்கு வந்து அழுதாரு. இந்த வாசல்ல. என் கண்ணால பாத்தேன்."

"அழுதாரு. இல்லேன்னு சொல்லல." அவள் கிண்ணத்தை அவன் பக்கமாக நகர்த்தினாள். "காதுல என்ன சொன்னாரு, காதுல என்ன சொன்னாருன்னு ஊரே என்னைப் பிடுங்குது. நீங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

"ஆறுதல் சொல்லியிருப்பாரு. கேக்க என்ன இருக்கு?"

"வண்டி ஓட்டினவன் பேரென்னன்னு நான் கேட்டேன். 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா, படத்துல முகம் விழல'ன்னாரு."

எஹிமென் களியில் ஒரு துண்டு கிள்ளினான். உருட்டினான். உருட்டிக்கொண்டே இருந்தான்.

"பெரிய மனுஷங்க" என்றான் கடைசியில். "ஆயிரம் நெருக்கடி. ஏதோ வாய் தவறி வந்திருக்கும்."

இசிமே எழுந்துகொண்டாள். "அவாவு பேரை எதுக்குச் சொன்னீங்க?"

"உன் பேரைச் சொல்லச் சொல்றியா?"

"அவ என்னங்க பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணல. எபிரா இனத்துக்காரி, வெளியூர்லேருந்து வந்தவ. நாலு நாள் திட்டுவாங்க, அஞ்சாம் நாள் மறந்துடுவாங்க. உன்னைன்னு தெரிஞ்சா விடுவாங்களா? மாடு வெட்டிப் போட்டாரு, மகள் சாவுக்கு அரிசி தின்னவங்கன்னு... நம்ம கூரையைப் பிரிச்சிடுவாங்கடி." பிறகு, தணிந்த குரலில்: "வாயத் திறக்காத. எனக்காக."

அவள் வாயைத் திறக்கவில்லை. அவனுக்காகவும் இல்லை. பயமாக இருந்தது.

திங்கட்கிழமை கொட்டகையில் விறகெல்லாம் ஈரம். புகை கூரைக்குக் கீழேயே சுற்றியது. கவர்னர் ஜெயித்த செய்தி ரேடியோவில் காலையே வந்துவிட்டது. மாநிலம் முழுக்க நாலில் மூன்று பங்கு ஓட்டு அவருக்கு. சந்தோஷப்பட வேண்டிய நாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கிழங்கு சீவினார்கள், கத்திச் சத்தம் மட்டும் பேசியது.

"கையக் காட்டு" என்றாள் ஓடியன் அம்மா. கொட்டகைக்கு அவள்தான் மூத்தவள், அவள் சொன்னால் சொன்னதுதான்.

அவாவு நிமிர்ந்தாள். "எந்தக் கைய?"

"ஓட்டுக் குத்தின கைய."

அவாவு பெருவிரலைக் காட்டினாள். வழவழப்பான விரல். குறுக்கே ஒரு தழும்பு.

"இருக்கு!" என்றாள் எஸ்தர். "போன்ல இருக்கிற அதே கோடு."

"அடிப் பாவி, இந்தக் கொட்டகையில எந்த விரல்ல கோடு இல்ல? உன் விரலைக் காட்டு பாப்போம்!"

"என் விரல் எதுக்கு? நான் இந்த ஊர்ப் பொண்ணு."

"அப்ப ஊர்ப் பொண்ணுங்களுக்குக் கத்தி வெட்டாதா?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள். ஓடியன் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அவாவு, நான் சண்டைக்கு வரல. பத்து வருஷமா எங்க தண்ணியக் குடிச்ச, எங்க மெஷின்ல அரைச்ச. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விரல் கேட்டோம். கரண்டு வந்திருந்தா இந்த டீசல் நாத்தம் இருக்குமா? என் பேரப்பிள்ளைக்கு மருந்து வைக்க ஃப்ரிட்ஜ் ஓடியிருக்கும்."

"நான் மண்வெட்டிக்குத்தான் குத்தினேன். குரான் மேல கை வெச்சுச் சொல்றேன். அந்தாளு ஜெயிக்கிற ஆளு, நான் எதுக்கு வம்பு பண்ணப் போறேன்?" அவாவு பக்கத்தில் திரும்பினாள். "எபோசே அம்மா, நீ சொல்லு. அவரால உன் வீட்டுக்கு வந்த பெருமை எனக்கும் தெரியும். பக்கத்துல பக்கத்துல உக்காந்து சீவுறோம். நான் அப்படிப்பட்டவளா? நீ சொன்னா இவங்க கேப்பாங்க."

பத்து முகமும் இசிமேயைப் பார்த்தன. அவள் கையில் பாதி சீவின கிழங்கு. கட்டைவிரல் தோலுக்கு அடியில் மறைந்திருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றாள் இசிமே.

இவ்வளவுதான் சொன்னாள். போதுமாக இருந்தது.

அவாவுவின் இரண்டு மூட்டை மாவு கல்லுக்கு அடியில் அழுத்தத்தில் கிடந்தது. மூன்று நாள் தண்ணீர் வடிந்து, சலித்து வறுக்கத் தயாரான மாவு. எஸ்தர் மேலிருந்த கல்லை உருட்டினாள். "எபோசே அம்மா, அந்த நுனியப் பிடி" என்றாள் ஓடியன் அம்மா. இசிமே பிடித்தாள். இருவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே மழையில் வைத்தார்கள். சாக்கின் இழை வழியே வெள்ளைத் தண்ணீர் ஓடத் தொடங்கியதை அவள் பார்த்தாள். இரண்டாவது மூட்டைக்கும் அவள்தான் நுனி பிடித்தாள்.

அவாவு அழவில்லை. எபிரா பாஷையில் என்னவோ சொன்னாள். யாருக்கும் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரன் அவளை அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டான் என்று கேள்விப்பட்டார்கள். அன்றைக்கு இசிமேக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. எஹிமென் சொன்ன நாலு நாள் கணக்கு தப்பிவிட்டது என்று மட்டும் புரிந்தது. இனிமேல் ஐந்தாம் நாள் என்று ஒன்று கிடையாது.

புதன்கிழமை நடுப்பகலில் இட்டுவா கொட்டகைக்கு வந்தார். வெற்றிக்கு நன்றி சொல்லப் பெண்களையெல்லாம் ஒரே நிறத்துத் துணியில் தலைநகருக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். அளவு எடுக்க ஆள் வருகிறதாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இசிமே எழுந்து நடுவில் வந்து நின்றாள்.

"அந்த ஓட்டு என்னுது."

"எந்த ஓட்டு?"

"ஏணி ஓட்டு. அவாவு போடல, நான் போட்டேன்."

ஓடியன் அம்மா எழுந்து வந்தாள். இசிமேயை அப்படியே மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா இவ மனச!" என்றாள் தழுதழுத்து. "அவ போறாளேன்னு தாங்காம, பழியத் தன் தலையில எடுத்துப் போட்டுக்கிறா. பெத்த பொண்ணைப் பறிகொடுத்தவ மனசு இப்படித்தான் இளகிக் கெடக்கும்."

"நான் இளகல. நான்தான் போட்டேன்!"

"சரிடி, சரி. நீதான் போட்ட. போஸ்டர்லேயும் நீதான் கவர்னரைக் கட்டிப் பிடிச்சிருக்க" என்று எஸ்தர் சொல்ல, கொட்டகையே சிரித்தது. அன்பாகத்தான் சிரித்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

இசிமே திமிறிக்கொண்டு இட்டுவாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். "படத்தை எடுங்க. ஒத்துப் பாருங்க. அவ தழும்பு குறுக்கால போகுது. என்னுது சாய்வு. எடுங்கய்யா போனை!"

இட்டுவா விரலைப் பார்த்தார். கைப்பேசியை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையே இல்லை. நாலு நாளாக அந்தப் படத்தை ஐந்நூறு தரம் பார்த்திருப்பார். அவர் முகத்தில் ஒரு நிறம் வந்து, போனது. பிறகு மெல்ல அவள் விரலை மடக்கி, தன் இரண்டு கையாலும் மூடினார்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. நான் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போறேன்" என்றார் எல்லோருக்கும் கேட்க.

மெஷின் கொட்டகைக்குப் பின்னால், தோல் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். குரல் மாறிவிட்டது.

"இந்த விரலை இனிமே யார்கிட்டயும் நீட்டாதீங்க."

"தெரிஞ்சுபோச்சுல்ல? உள்ள போய்ச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? போஸ்டர்ல இருக்கிற அம்மாவே ஏணிக்குக் குத்திட்டாங்கன்னா? மேலிடத்துல என்னைத் தோலை உரிச்சுத் தொங்கவிடுவாங்க."

"அவாவு ரோட்டுல நிக்குறா. டிரான்ஸ்பார்மர் போனா போகட்டும், அவளை..."

"டிரான்ஸ்பார்மர்!" இட்டுவா கசப்பாகச் சிரித்தார். கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "அம்மா, அது போன மாசமே வேற ஊருக்குப் போயாச்சு. ஓட்டுக்கு முன்னாடியே. நம்ம தெரு பேரு லிஸ்ட்லயே இல்ல. முந்நூத்திப் பன்னெண்டும் முழுசா விழுந்திருந்தா நான் இந்த ஜனங்க மூஞ்சியில எப்படி முழிச்சிருப்பேன்னு நினைச்சு நினைச்சு மூணு வாரம் தூங்கல. அந்த ஒரு சீட்டைத் தூக்கினப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு." தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நீங்க என்னைக் காப்பாத்தினீங்க. உங்களை நான் காப்பாத்துறேன். அவ்வளவுதான்."

"அவளை?"

"அவ எதுக்கு? வந்தவ, போறா."

மூன்று மணி வண்டிக்கு அவாவு கூட்டுரோட்டில் காத்திருந்தாள். ஒரு பாய், ஒரு அலுமினியச் சட்டி, துணி மூட்டை, வறுக்கும் இரும்புத் தட்டு. இசிமே ஓட்டமும் நடையுமாக வந்து மூட்டையில் கை வைத்தாள்.

"வெச்சிடு" என்றாள் அவாவு.

"ஜைனப் அம்மா..."

அவாவு நிமிர்ந்து பார்த்தாள். ஊரில் குழந்தை பெற்ற எவளையும் பிள்ளை பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சொந்த ஊரில் அம்மாவிடம் விட்டுவந்த மகளின் பெயரை இடுமெபோவில் யாரும் சொல்லி அவாவு கேட்டதில்லை.

"பத்து வருஷத்துல இன்னைக்குத்தான் என் பொண்ணு பேரு உனக்கு ஞாபகம் வந்துச்சா?"

"நான் சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். அது என் ஓட்டுன்னு. யாரும் நம்பல."

தூரத்தில் வண்டி ஹார்ன் கேட்டது.

"உன்னுதா?" என்றாள் அவாவு. "உன்னுதா அது?" அவள் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. "பொண்ணுக்காகப் போட்டியா?"

இசிமே தலையசைத்தாள்.

"நல்லாத்தான் போட்டிருக்க. அதுல நான் ஒண்ணும் சொல்லல." அவாவு பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டாள். "எனக்கும் அந்தாளைப் பிடிக்காது. ஆனா பயந்துபோய் அவனுக்கே குத்தினேன். வந்தவளுக்கு எதுக்கு வம்புன்னு. நான் மட்டும் ஏணிக்குக் குத்தியிருந்தா, இந்தா, இப்ப தலையை நிமித்திட்டுப் போவேன். குத்தாத ஓட்டுக்குப் போறேன் பாரு, அதான் வயிறு எரியுது."

"என்னை மன்னி..."

"புதன்கிழமை சொன்ன. திங்கட்கிழமையும் உனக்கு வாய் இருந்துச்சு. மூட்டையில ஒரு நுனி யார் பிடிச்சான்னு நான் பாக்கலேன்னு நினைச்சியா?"

வண்டி வந்து நின்றது. இரும்புத் தட்டைத் தூக்க இசிமே குனிந்தாள். அவாவு அவள் கையைத் தட்டிவிட்டு, தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தது. உள்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

இசிமே கொட்டகைக்குத் திரும்பியபோது மழை விட்டிருந்தது. அவள் வறுக்கும் தட்டையும் பாத்திரங்களையும் யாரோ இடம் மாற்றி வைத்திருந்தார்கள்.

"இங்க வா" என்று ஓடியன் அம்மா கையசைத்தாள். "அவாவு அடுப்பு இனிமே உனக்கு. எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம். கொட்டகையிலேயே நல்ல அடுப்பு அது, காத்து பின்னாலேருந்து வரும். மாவுகூடச் சலிச்சு வெச்சாச்சு. உக்காரு, நாளைக்குன்னு விட்டா புளிச்சிடும்."

எஸ்தர் ஒரு கொள்ளிக்கட்டையைக் கொண்டுவந்து அடுப்பில் செருகி, ஊதிவிட்டுப் போனாள்.

இசிமே நின்றாள். ஒன்பது பேரும் அவளைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார்கள். தட்டு சூடேறி, எண்ணெய் வாசம் எழும்பியது. அவள் உட்கார்ந்தாள். முதல் கை மாவை அள்ளிப் போட்டு, சுரைக்குடுக்கைச் சில்லால் தள்ளித் தள்ளிக் கிளறத் தொடங்கினாள்.

ஓடியன் அம்மா சொன்னது உண்மைதான். அங்கே புகை முகத்தில் அடிக்கவே இல்லை.